வேலூர் வெயிலில் ஓவர்கிளாக்: புது ஹீட்சிங்கை முதலில் இப்படிச் சோதியுங்கள்

ஓவர்கிளாக், அதாவது கம்ப்யூட்டர் சிப்பை (சிபியு) கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, செய்யப் புதிதாக உட்காருகிறவர்கள் பலரும் ஒரே நாளில் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறார்கள். புதுக் கூலரை (ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்தது) மாட்டுவார்கள், அன்றைக்கே சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிப்ளையரை ஏற்றுவார்கள், கூடவே வோல்டேஜையும் கூட்டிவிடுவார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் உறைந்து நின்றால், கூலர் சரியாக உட்காரவில்லையா, வோல்டேஜ் போதவில்லையா, கேபினட்டுக்குள் காற்று ஓடவில்லையா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் பல மேசைகளில் இதைப் பார்த்துவிட்டேன்.

முதலில் கூலரை மட்டும் சோதிக்க வேண்டும். அது எத்தனை வாட்டைத் தாங்கும் என்று எண்ணாகக் கையில் இருக்க வேண்டும். அந்த எண் மார்கழிக் காலையில் எடுத்ததாக இருந்தாலும் கத்திரி வெயிலில் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓவர்கிளாக் அதற்குப் பிறகுதான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள், ஏனென்றால் ஒவ்வொரு படியின் அளவும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

சிப்பும் போர்டும் ஓவர்கிளாக்குக்கு இடம் தருமா என்று முதலில் பாருங்கள். இன்டெல்லில் பொதுவாக கே என்ற எழுத்துள்ள சிப்பும் இசட் வரிசை போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பொதுவாக பி அல்லது எக்ஸ் வரிசை போர்டு போதும், ஏ320, ஏ520 போர்டுகளில் முடியாது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு இரண்டு கம்பெனிகளின் வாரண்டியும் பொருந்தாது.

அடுத்தது உயரம். கோபுர வடிவக் கூலர்கள் பெரும்பாலும் 155 மில்லிமீட்டரோ அதற்கு மேலோதான் இருக்கும். டீப்கூல் ஏகே400 சுமார் 155 மில்லிமீட்டர், நாக்டுவா என்ஹெச்-டி15 165 மில்லிமீட்டர். உங்கள் கேபினட் எவ்வளவு உயரம் வரை ஏற்கும் என்பது அதன் விவரக் குறிப்பில் இருக்கும். குறிப்பு கிடைக்காவிட்டால் போர்டின் மேற்பரப்பிலிருந்து பக்கவாட்டுக் கதவு வரை ஸ்கேல் வைத்து அளந்து, 5 மில்லிமீட்டரைக் கழித்துவிடுங்கள். ரேமின் உயரத்தையும் அளக்க வேண்டும், முன்பக்க ஃபேன் அதன் தலைக்கு மேலேதான் வந்து நிற்கும். காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வந்த பிறகு கதவு மூடவில்லை என்று தெரிந்தால் அதை மாற்ற இன்னொரு முழு நாள் போய்விடும்.

மூன்றாவது, சாக்கெட், அதாவது போர்டில் சிப் உட்காரும் இடம். இன்டெல்லின் எல்ஜிஏ 1200 போர்டில் கூலர் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ 1700இல் 78 மில்லிமீட்டர். பழைய கிளாம்ப் அதில் பொருந்தாது. ஏஎம்டியின் ஏஎம்4 துளை அளவே ஏஎம்5க்கும் தொடர்கிறது, ஆனால் ஏஎம்5இல் பின்தகடு சாக்கெட்டோடு சேர்ந்தே இருப்பதால் தனிப் பின்தகடு கேட்கும் கூலர்கள் சிக்கல் தரும். பெட்டியின் மேல் உங்கள் சாக்கெட்டின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

2. கையில் இருக்க வேண்டிய சாமான்கள்

சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், நல்லதாக ஒரு சிறு குழல். கூலரோடு வரும் பேஸ்ட்டும் வேலை செய்யும், ஆனால் நீங்கள் குறைந்தது இரண்டு முறை கழற்றி மாட்டப் போகிறீர்கள், அதற்கு அது பத்தாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வேண்டும், 99 சதவீதம் கிடைத்தால் நல்லது. மெடிக்கல் கடையில் கேட்கும்போது 70 சதவீதத்தைத் தந்துவிடுவார்கள். அதுவும் துடைக்கும், காய்வதற்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பஞ்சு வேண்டாம், நூல் ஒட்டும். காபி ஃபில்டர் தாளோ, கண்ணாடி துடைக்கும் துணியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளமான ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் இரட்டைக் கோபுரக் கூலரைத் தொடவே தொடாதீர்கள். நடுவில் இருக்கும் ஸ்க்ரூவுக்குக் குட்டை டிரைவர் எட்டாது.

இதற்கெல்லாம் மேலாக ஒரு டிஜிட்டல் ரூம் தெர்மாமீட்டர். விலை குறைந்த பொருள்தான், ஆனால் இந்தச் சோதனை முழுக்க அதை நம்பித்தான் நிற்கிறது. மல்டிமீட்டரோடு தெர்மோகப்பிள் வயர் இருந்தால் அதுவே போதும்.

மென்பொருளில் சூட்டையும் வாட்டையும் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ, சிப்புக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23, ப்ரைம்95 மூன்றும் வேண்டும். மூன்றும் இலவசம். லினக்ஸ்காரர்களுக்கு எல்எம்-சென்சார்ஸும் ஸ்ட்ரெஸ்-என்ஜியும் இருக்கின்றன.

யூபிஎஸ் இருந்தால் அதன் அளவைப் பாருங்கள். சாதாரண 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தரும். சிபியு சோதனைக்கு அது போதும், கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து ஓட்டினால் தாங்காது. 15 நிமிட ஓட்டத்தில் 13ஆவது நிமிடம் கரண்ட் போனால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஈபி பராமரிப்பு வேலை அறிவித்திருக்கும் நாளில் உட்காராதீர்கள்.

3. அறைச் சூட்டை அளக்காமல் எதையும் எழுதாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எந்தக் காற்றுக் கூலராலும் அறைக் காற்றைவிடக் கீழே சிப்பைக் குளிர வைக்க முடியாது. அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரியில் சிப்பை நிறுத்துகிறது என்பதுதான் கூலரின் திறமை. வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் அளவுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் எடுத்தவை. நம்மூரில் கத்திரி நடக்கும் நாட்களில் வெளியே 40ஐத் தாண்டுவது வாடிக்கை, சுற்றிலும் பாறை மலை வேறு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் ராத்திரி 9 மணிக்குக்கூடத் தளம் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். "அண்ணா, வீடியோவுல 72 காட்டுது, எனக்கு 88 வருது, கூலர் டூப்ளிகேட்டா?" என்று ஒரு தம்பி கேட்டார். அவருடைய அறை 37 டிகிரியில் இருந்தது. வீடியோக்காரரின் அறை 22 என்று வைத்துக்கொண்டால் அவருக்கு 50 டிகிரி ஏற்றம், தம்பிக்கு 51. கூலர் நல்ல கூலர்தான்.

தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாதீர்கள். கேபினட்டின் முன்பக்கத்தில் காற்று உள்ளே போகும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, அதே உயரத்தில் வையுங்கள். பின்பக்கம் வைத்தால் கம்ப்யூட்டர் கக்கும் சூட்டைத்தான் அளப்பீர்கள். சோதனை தொடங்கும்போது ஒரு முறை, முடியும்போது ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். கதவை மூடிய சின்ன அறையில் 150 வாட் எரிந்தால் அறையே சூடேறும். இரண்டு அளவுகளுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

சீலிங் ஃபேனும் அளவைக் கெடுக்கும். கேபினட் கதவைத் திறந்து வைத்து, மேலே ஃபேனை ஐந்தில் ஓடவிட்டு எடுத்த அளவைக் கதவை மூடிய பின் எதிர்பார்க்கக் கூடாது. ஃபேன், ஏசி எதுவானாலும் எல்லா ஓட்டத்துக்கும் ஒரே மாதிரி வையுங்கள். நான் விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்குவேன், ஏழு மணி வரை அறைச் சூடு அதிகம் நகராது.

4. பழைய கூலரைக் கழற்றும் முன் ஓர் அளவு

புதுப் பெட்டியைப் பிரிக்கும் ஆசையில் எல்லோரும் தாண்டிவிடுகிற படி இது. பழையதின் அளவு இல்லாவிட்டால் புதியது எவ்வளவு தேவலாம் என்று சொல்ல எதுவும் இருக்காது. புதியதை நீங்களே தப்பாக மாட்டியிருந்தாலும் தெரியவராது.

பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) போய் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள். பல போர்டுகள் மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் போன்ற பெயரில் தாமாகவே வேகத்தை ஏற்றி வைத்திருக்கும், அதை அணையுங்கள். ரைசனில் அதே மாதிரி வேகத்தை ஏற்றும் பிபிஓவை அணையுங்கள். ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி இருக்கட்டும், ஆனால் கடைசி வரை அதைத் தொடாதீர்கள்.

இப்போது முக்கியமான வேலை: வாட்டைக் கட்டிப்போடுவது. இன்றைய சிப்புகள் குளிர்ச்சி கிடைத்தால் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். நல்ல கூலரை மாட்டினால் சிப் கூடுதல் வாட்டை இழுக்கும், சூடு பழையபடியே நிற்கும். ரைசன் 7000 வரிசையின் பெரிய சிப்புகள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே செய்யப்பட்டவை. டிகிரியை மட்டும் பார்க்கிறவர் "காசு வீண்" என்று முடிவு கட்டிவிடுவார். ஆகவே இன்டெல்லில் பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு வாட் எல்லைகளையும் ஒரே எண்ணில் வையுங்கள், உதாரணமாக 125 வாட். ரைசனில் பிபிடி என்ற வாட் எல்லையை வையுங்கள். ஏஎம்4 சிப்புகளில் அதன் இயல்பான அளவு 65 வாட் என்று குறிப்பிட்ட சிப்புக்கு 88, 105 வாட் சிப்புக்கு 142. ரைசன் 5 5600எக்ஸ் போன்றவை விதிவிலக்கு, அதற்கு 76. பழைய கூலரால் அந்த வாட்டைத் தாங்க முடியாமல் சிப் தானே வேகத்தைக் குறைத்தால் எல்லையை இன்னும் இறக்கி, இரண்டு கூலர்களுக்கும் அதே எண்ணைப் பயன்படுத்துங்கள்.

கூலர் ஃபேனை முழு வேகத்தில் நிலைநிறுத்துங்கள். தானியங்கி வளைவில் விட்டால் சூட்டுக்குத் தக்க வேகம் மாறி ஒப்பீடு குழம்பும்.

ப்ரைம்95இல் ஸ்மால் எஃப்எஃப்டியைத் தேர்ந்தெடுத்து 15 நிமிடம் ஓட்டுங்கள். 10ஆவது நிமிடத்தில் எச்டபிள்யூ இன்ஃபோவின் அளவுகளை ரீசெட் செய்து, 15ஆவது நிமிடத்தில் சராசரி என்ற பத்தியில் வருவதை எழுதிக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் உலோகம் சூடேறும் நேரம், அந்த அளவு நமக்கு வேண்டாம். தண்ணீர்க் கூலர் வைத்திருப்பவர்கள் அரை மணி நேரம் விட வேண்டும், தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும்.

எழுத வேண்டியவை நான்கு: சிபியு சூடு, பேக்கேஜ் வாட் (சிப் முழுதும் இழுப்பது), ஃபேன் வேகம், அறைச் சூடு. மொபைலில் போட்டோ எடுத்து வைத்தாலும் சரி, ஆனால் அறைச் சூடு அந்தப் போட்டோவில் வராது.

5. கழற்றுவதும் துடைப்பதும்

ஏஎம்4 வைத்திருப்பவர்கள் நின்று கவனியுங்கள். அந்த சாக்கெட்டில் சிப்பைப் பிடித்து வைப்பது சிறு நெம்புகோல் மட்டும்தான், மேலே மூடி கிடையாது. காய்ந்த பேஸ்ட் கோந்து மாதிரி பிடித்திருக்கும்போது கூலரை நேராகத் தூக்கினால் சிப்பும் பின்களோடு கூடவே வந்துவிடும். ராணிப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் அப்படித்தான் வந்தது, நான்கு பின்கள் வளைந்து, ஊசியால் நிமிர்த்தவே ஒரு மாலை போனது. பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்கிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகித் திருகித் தளர்த்திய பின் தூக்குங்கள். இன்டெல்லின் எல்ஜிஏ சாக்கெட்டிலும் ஏஎம்5இலும் இந்தப் பயம் இல்லை.

ஏஎம்4இல் இன்னொன்று: மேலே உள்ள நான்கு ஸ்க்ரூவையும் கழற்றியதும் பின்னால் இருக்கும் தகடு தொப்பென்று விழுந்துவிடும். கேபினட்டைப் படுக்கப் போட்டு, பின்னால் ஒரு கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், போர்டின் மேல் ஊற்றக் கூடாது. வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்தால் பழைய பேஸ்ட் சாக்கெட்டுக்குள் தள்ளப்படாது.

6. பேஸ்ட்டும் பொருத்துவதும்

கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா? சிரிக்காதீர்கள், நன்றாகக் கற்றவர்களும் மறக்கிறார்கள். உரித்த தாளை மேசையில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டுத்தான் நான் அடுத்த வேலைக்குப் போவேன்.

சதுர சிப்புக்கு நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். எல்ஜிஏ 1700 சிப் நீளவாக்கில் இருப்பதால் மூலைக்கு மூலை மெல்லிய பெருக்கல் குறி நல்லது. கொஞ்சம் கூடிப்போனால் ஓரத்தில் பிதுங்கும், பெரிய கெடுதல் இல்லை. குறைந்துபோனால்தான் மூலைகள் காய்ந்து நிற்கும். உலோகப் பேஸ்ட் என்று விற்கும் காலியம் கலவையை முதல் முறை செய்கிறவர் தொடவே வேண்டாம். அது அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும்.

ஸ்க்ரூக்களை எதிர் மூலை வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறு பக்கத்துக்குப் போனால் தகடு சாய்ந்து பேஸ்ட் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஸ்க்ரூ தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள்.

ஃபேனின் திசையைப் பாருங்கள். பிளாஸ்டிக் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அது கேபினட்டின் பின்பக்க ஃபேனைப் பார்த்து இருக்க வேண்டும். வயரைப் போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் நான்கு பின் முனையிலேயே செருகுங்கள். வேறு முனையில் செருகினால் போர்டு ஃபேன் இல்லை என்று நினைத்துத் தொடக்கத்திலேயே எச்சரிக்கை காட்டி நின்றுவிடும்.

7. முதல் முறை ஆன் செய்யும்போது

நேராக பயாஸுக்குள் போய் ஐந்து நிமிடம் சூட்டைப் பாருங்கள். பயாஸில் சிப் முழு ஓய்வுக்குப் போகாது, அதனால் டெஸ்க்டாப்பில் காட்டுவதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். ஓரிடத்தில் நின்றால் சரி. நிற்காமல் 60, 70 என்று ஏறிக்கொண்டே போனால் உடனே அணையுங்கள். தாள் உரிக்கவில்லை, அல்லது தகடு தொடவில்லை, அல்லது ஃபேன் சுற்றவில்லை. சிப் எரிந்துவிடும் என்று பதற வேண்டியதில்லை, எல்லையைத் தொட்டால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும்.

வேலையில்லாத நேரத்து டிகிரியை வைத்துக் கூலரை எடைபோடாதீர்கள். அந்த நேரத்தில் சிப் இழுக்கும் சில வாட்டை எந்தக் கூலரும் சமாளிக்கும்.

8. அதே வாட், அதே ஃபேன், அதே நேரம்

நான்காம் படியில் செய்ததை அப்படியே திரும்பச் செய்யுங்கள். முதல் ஓட்டத்தில் எச்டபிள்யூ இன்ஃபோவில் ஒவ்வொரு கோரின் சூட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். இன்டெல்லில் வேகமான பி கோர்கள் சிறிய இ கோர்களைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே வகைக் கோர்களுக்குள் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூலர் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் சிப் வேகத்தைக் குறைப்பது) என்ற வரியில் ஆம் என்று வந்திருந்தால் அந்த ஓட்டம் செல்லாது, வாட்டை இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.

ஒரு முறை எடுத்த அளவை நம்பி நிற்கக் கூடாது. கூலரைக் கழற்றி, பேஸ்ட் பரவிய தடத்தைப் பார்த்து, துடைத்து, மறுபடி மாட்டி இன்னொரு ஓட்டம் எடுங்கள். அறைச் சூட்டைக் கழித்த பின் இரண்டுக்கும் இடையே 2 டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் உங்கள் கை சரியாக இருக்கிறது. 5 டிகிரி என்றால் இரண்டில் ஏதோ ஒன்று தப்பாக மாட்டியது, மூன்றாவது முறை மாட்டித்தான் ஆக வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டியவர்கள் வோல்டேஜோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டுத் திரும்ப இங்கேயே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

9. கணக்கு: ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி

சிபியு சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்து, வருவதை வாட்டால் வகுங்கள்.

என் ஐ5-12600கே சிப்பில் வந்ததைச் சொல்கிறேன். பழைய சிறு கூலரில் 125 வாட்டுக்கு 91 டிகிரி, அறை 30. ஆக 61ஐ 125ஆல் வகுத்தால் 0.49. புது ஒற்றைக் கோபுரத்தில் அதே 125 வாட்டுக்கு 76 டிகிரி, அறை 31. ஆக 45ஐ 125ஆல் வகுத்தால் 0.36.

இந்த 0.36 என்ற எண்ணை வைத்து மற்றதெல்லாம் கணக்கிடலாம். இந்த சிப்பின் எல்லை 100 டிகிரி. நான் 90க்கு மேல் போக விரும்புவதில்லை. தை மாதக் காலையில் அறை 25 என்றால் 90க்கும் 25க்கும் நடுவில் 65 டிகிரி இருக்கிறது, அதை 0.36ஆல் வகுத்தால் 180 வாட். கத்திரியில் அறை 38 என்றால் மிச்சம் 52 டிகிரிதான், 144 வாட். அதே கூலர், அதே சிப், 36 வாட் குறைந்துபோகிறது. தை மாதத்தில் 180 வாட்டுக்கு வைத்த ஓவர்கிளாக் மே மாதத்தில் 100ஐத் தாண்டப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது நீங்கள் கூட்டி வைத்த வேகமும் கையில் நிற்காது.

இந்த எண் எல்லா வாட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், 125இல் எடுத்ததை 150இல் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் சிப்பின் எண்ணோடும் ஒப்பிடாதீர்கள். ரைசனில் கோர்கள் இருக்கும் சில்லு சிறியது, அதே வாட்டுக்குக் கூடுதலாகச் சுடும், அது கூலரின் குற்றம் இல்லை. அதே சிப், அதே போர்டு, போர்டில் வோல்டேஜைச் சீராக்கும் அதே லோட்லைன் அமைப்பு என்று இருந்தால்தான் இரண்டு எண்களை அருகருகே வைக்க முடியும்.

10. கதவை மூடி ஓர் ஓட்டம்

இதுவரை கதவைத் திறந்து வைத்து எடுத்திருந்தால் இப்போது மூடி ஒன்று எடுங்கள். 2, 3 டிகிரி ஏறுவது இயல்பு. 6, 7 என்று ஏறினால் கூலரில் குறை தேடாதீர்கள், கேபினட்டுக்குள் காற்று வரவில்லை. முன்பக்கம் கண்ணாடித் தகடு போட்ட அழகான கேபினட்டுகளில் இது சகஜம். 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை முன்னால் சேர்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த ஓட்டத்தில் போர்டின் விஆர்எம் (சிப்புக்கு வோல்டேஜ் தரும் பகுதி) சூட்டையும் பாருங்கள். பெட்டியோடு வரும் கூலர்கள் காற்றைக் கீழ்நோக்கி அடிப்பதால் சாக்கெட்டைச் சுற்றியுள்ள பாகங்களும் சேர்ந்து குளிரும். கோபுரக் கூலரில் காற்று குறுக்காகப் போய்விடும், விஆர்எம்முக்கு அந்தக் காற்று கிடைக்காது. சிபியு 80இல் குளுகுளு என்று இருக்க விஆர்எம் 100ஐ நெருங்கிய போர்டு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

11. இப்போது ஓவர்கிளாக்

உங்கள் வாட் எல்லை தெரிந்துவிட்டது, கத்திரிக்கு உரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வாட் பூட்டை அவிழ்த்து, மல்டிப்ளையரை ஒன்று ஏற்றுங்கள், அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். சினிபெஞ்ச் 10 நிமிடம் ஓட்டுங்கள். உறையாமல் ஓடி முடிந்தால் அடுத்தது. உறைந்தால் அல்லது எச்டபிள்யூ இன்ஃபோவில் வியா (WHEA) என்ற வன்பொருள் பிழைகள் வந்தால் வோல்டேஜை 0.01 அல்லது 0.02 மட்டும் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

வோல்டேஜில் கை தாராளம் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. சிப் இழுக்கும் வாட் வேகத்துக்கு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேராகவும் ஏறும். 4.7 கிகாஹெர்ட்ஸ் 1.20 வோல்ட்டிலிருந்து 4.9 கிகாஹெர்ட்ஸ் 1.30 வோல்ட்டுக்குப் போனால் வேகம் 4 சதவீதம்தான் கூடும், வாட் 22 சதவீதம் கூடும். 120 வாட் 146 ஆகிவிடும். மேலே சொன்ன என் கூலருக்குக் கத்திரி எல்லை 144. அதனால்தான் 4.8இல் நின்றுவிட்டேன், அதில் எனக்குக் குறையே இல்லை.

கடைசியாகக் கதவை மூடி, ஃபேனைத் தினசரி வளைவுக்கு மாற்றி, ப்ரைம்95 பிளெண்ட் ஒரு மணி நேரம். ரைசனில் இந்த நேரத்தில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியைப் பாருங்கள். நீங்கள் வைத்த வேகத்தைவிட அது நன்றாகக் குறைந்திருந்தால் வோல்டேஜ் போதாமல் சிப் ரகசியமாக மெதுவாகிறது என்று அர்த்தம், கம்ப்யூட்டர் உறையாமல் ஓடினாலும் அந்த அமைப்பு ஆகாது.

12. மே மாதத்தில் ஒரு முறை

கத்திரி மே 4 வாக்கில் தொடங்கும். அந்த முதல் வாரத்தில் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு, ஏசி இல்லாமல், நான்காம் படியின் 125 வாட் ஓட்டத்தை அப்படியே திரும்ப எடுங்கள். ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி என்ற எண் பழையபடியே 0.36 அருகில் வந்தால் கூலர் நலமாக இருக்கிறது, ஏறியிருப்பது அறைச் சூடு மட்டும்தான். 0.40ஐத் தாண்டினால் முதலில் கூலரின் உலோகத் துடுப்புகளுக்கு நடுவே பாருங்கள், சாலையோர வீடுகளில் நான்கு மாதத்திலேயே தூசி மெத்தை மாதிரி படிந்துவிடும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுகுழலால் ஊதுங்கள், பிடிக்காவிட்டால் அது தறிகெட்டுச் சுற்றி பேரிங் கெடும். ஊதிய பிறகும் எண் இறங்கவில்லை என்றால் பேஸ்ட் காய்ந்திருக்கும், ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

எண்களை எழுதிய தாளை நான் கேபினட் கதவின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். தேதி, அறைச் சூடு, வாட், டிகிரி, ஃபேன் வேகம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி.